பள்ளி அரங்கம்: பணம் கொடுப்பதற்கு முன் நாம் கேட்க வேண்டியவை

(நம் குடியிருப்போர் நலச் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில் சி பிளாக் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. கூட்டத்துக்கு வர முடியாதவர்கள் பலர் கேட்டுக்கொண்டதால், பேச்சு நடையைப் பெரிதாக மாற்றாமல் இங்கே தருகிறோம். – ஆசிரியர் குழு)

எனக்கு இருபது நிமிடம் என்று செயலாளர் சொல்லியிருக்கிறார். கட்டட வேலையில் முப்பது வருடம் இருந்தவனிடம் கட்டடத்தைப் பற்றிப் பேசச் சொல்லிவிட்டு இருபது நிமிடம் என்றால் எப்படி? இருந்தாலும் முயற்சி செய்கிறேன்.

விஷயம் உங்களுக்குத் தெரியும். நம் பின்பக்க மதிலை ஒட்டியிருக்கும் அரசு உதவி பெறும் பள்ளி, தன்னுடைய பழைய ஹாலைப் புதுப்பிக்க நம்மிடம் உதவி கேட்டிருக்கிறது. வீட்டுக்கு 5,000 ரூபாய் என்று ஒரு கணக்கு வந்தது. மூன்று வாரமாக வாட்ஸாப் குழுவில் அதே பேச்சு. கொடுக்கலாம் என்று சிலர். நம் பிள்ளைகள் யாரும் அங்கே படிக்கவில்லையே, நாம் ஏன் கொடுக்க வேண்டும் என்று சிலர். மற்றவர்கள் கட்டைவிரலை மட்டும் காட்டிவிட்டுப் போய்விட்டார்கள்.

நம் பிள்ளைகள் அங்கே படிக்கவில்லை என்பது உண்மைதான். ஆனால் யார் படிக்கிறார்கள்? நம் வீட்டில் பாத்திரம் தேய்க்கும் அக்காவின் மகள் படிக்கிறாள். ராத்திரி கேட்டில் நிற்கும் செக்யூரிட்டி அண்ணனின் மகன் படிக்கிறான். அயர்ன் வண்டிக்காரரின் பேத்தி போன வருடம் அங்கே பத்தாம் வகுப்பு முடித்தாள். நாமும் அந்த ஹாலை விட்டு வைப்பதில்லை. நம்முடைய பொங்கல் விழா, கண் பரிசோதனை முகாம் எல்லாம் அங்கேதான் நடக்கின்றன. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை முழுக்கப் பள்ளிக்கூடங்களும் மண்டபங்களும்தானே நிவாரண முகாம்களாக இருந்தன? அதனால் கொடுக்க வேண்டுமா என்ற கேள்வியில் எனக்குக் குழப்பம் இல்லை, கொடுக்க வேண்டும். எதற்குக் கொடுக்கிறோம் என்பதில்தான் எனக்குச் சண்டை.

கான்ட்ராக்டர் கொடுத்த எஸ்டிமேட்டைத் தலைமை ஆசிரியர் எனக்குக் காட்டினார். ஜிப்சம் ஃபால்ஸ் சீலிங், ஆறு ஏசி, மேடைக்குப் பின்னால் எல்இடி வால், சாய்ந்து உட்காரும் குஷன் நாற்காலிகள், மேடைக்கு கிரானைட், வாசலில் ஆர்ச், நன்கொடையாளர் பெயர்ப்பலகை. இந்தப் பட்டியலில் எல்லாவற்றுக்கும் ஒரு பொதுக் குணம் இருக்கிறது, கவனித்தீர்களா? எல்லாமே ஃபோட்டோவில் விழும். ஃபோட்டோவில் விழாத எதுவும் அந்தப் பட்டியலில் இல்லை.

ஃபோட்டோவில் விழாததில் முதலாவது, ஒலி. பொங்கல் விழாவில் மாணவர்கள் போட்ட நாடகம் உங்களுக்கு நினைவிருக்கும். நன்றாகத்தான் நடித்தார்கள். ஆறாவது வரிசைக்குப் பின்னால் ஒரு வசனம்கூடப் புரியவில்லை. மைக் வைத்தோம், புரியவில்லை. சத்தத்தைக் கூட்டினோம், மைக் ஊளையிட்டது. சவுண்ட் சர்வீஸ் பையனை எல்லோரும் திட்டினோம். அவன் மேல் தப்பே இல்லை. எதிரொலிக்கும் கூடத்தில் சத்தத்தைக் கூட்டினால் எதிரொலியும் அதே அளவுக்குக் கூடும். தெளிவு அப்படியேதான் இருக்கும், காது மட்டும் வலிக்கும்.

இதை முதன்முதலில் கணக்குப் போட்டுப் பார்த்தவர் வாலஸ் சாபின் என்ற அமெரிக்க இயற்பியல்காரர். 1895இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபாக் கலை அருங்காட்சியகம் என்று புதிதாக ஒன்றைத் திறந்தார்கள். அதில் இருந்த விரிவுரைக் கூடம் பார்க்க அழகு. ஆனால் ஆசிரியர் பேசுவது ஒருவருக்கும் புரியவில்லை. ஒரு சொல்லைச் சொன்னால் அது காலியான கூடத்துக்குள் ஐந்தரை வினாடி சுற்றிக்கொண்டே இருந்ததாம். சரி செய்து கொடு என்று பல்கலைக்கழகத் தலைவர் சாபினிடம் சொன்னார். அப்போது அவருக்கு இருபத்தேழு வயது, சாதாரண உதவிப் பேராசிரியர்.

அவர் என்ன செய்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த கதை. பக்கத்தில் சாண்டர்ஸ் தியேட்டர் என்று ஒரு அரங்கம் இருந்தது. அங்கே இருக்கைகளில் போடும் மெத்தைகளை ராத்திரியில் தூக்கிக்கொண்டு வந்து இந்தக் கூடத்தில் அடுக்குவார். ஒரு ஆர்கன் குழாயை ஊதவிட்டு நிறுத்துவார். ஒலி அடங்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்ப்பார். இன்னும் கொஞ்சம் மெத்தை, மறுபடி குழாய், மறுபடி கடிகாரம். விடிவதற்குள் மெத்தைகளைத் திரும்பக் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். இப்படியே சில வருடம். கடைசியில் கையடக்கமாக ஒரு சூத்திரம் கிடைத்தது. கூடத்தின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, உள்ளே ஒலியை உறிஞ்சும் பரப்பால் வகுத்தால், ஒலி அடங்க எத்தனை வினாடி ஆகும் என்று தெரிந்துவிடும். 1900இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி ஹால் இந்தக் கணக்கைப் போட்டுக் கட்டியது. இன்றைக்கும் உலகத்தின் நல்ல இசை அரங்குகளில் ஒன்று என்று அதைச் சொல்கிறார்கள்.

நம் பள்ளி ஹாலுக்கு அதே கணக்கைப் போட்டுப் பார்த்தேன். நானும் சி பிளாக் பையன்கள் இருவரும் டேப் பிடித்து அளந்தோம். நீளம் 24 மீட்டர், அகலம் 12, உயரம் 6. கன அளவு 1,728 கன மீட்டர். சிமென்ட் தரை, பூசிய சுவர், தகரக் கூரை, எல்லாம் சேர்ந்து ஒலியை உறிஞ்சுவது சுமார் 40 சதுர மீட்டருக்குச் சமம். ஜன்னலை மூடி, ஹால் காலியாக இருந்தால், கிட்டத்தட்ட 7 வினாடி. ஜன்னலை எல்லாம் திறந்துவிட்டால் 5 வினாடி. ஒருவர் சாதாரணமாகப் பேசும்போது வினாடிக்கு நாலைந்து அசை வருகிறது. அப்படியென்றால் முன்னால் சொன்ன இருபது அசைகளின் மிச்சத்துக்கு மேலேதான் ஒவ்வொரு புதிய அசையும் வந்து விழுகிறது. எப்படிப் புரியும்? பேச்சுக்கும் நாடகத்துக்கும் ஒரு வினாடிதான் வேண்டும். பாட்டுக்கு இன்னும் கொஞ்சம் இருந்தால் நல்லது.

நீங்களே சோதித்துப் பார்க்கலாம். ஹால் காலியாக இருக்கும்போது நடுவில் நின்று ஒரு பலூனை உடையுங்கள். எப்போது அடங்குகிறது என்று மனதுக்குள் எண்ணுங்கள். நம் பையன்கள் ஒரு டஜன் பலூன் உடைத்தார்கள். வாட்ச்மேன் ஓடி வந்துவிட்டார்.

இதில் மனிதர்களும் கணக்கில் வருவார்கள். ஒரு மாணவர் உட்கார்ந்தால் சதுர மீட்டரில் சுமார் மூன்றில் ஒரு பங்குக்கு ஒலியை உறிஞ்சுவார். முந்நூறு பேர் உட்கார்ந்தால் 100 சதுர மீட்டர். அப்போது ஜன்னல் மூடியிருந்தாலும் 7 வினாடி என்பது 2 வினாடியாக இறங்கிவிடும். அதனால்தான் விழா நாளில் சுமாராக இருக்கும் ஹால், ஒத்திகை நாளில் குகை மாதிரி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் விழா வருடத்துக்கு மூன்று நாள். ஒத்திகை எத்தனை நாள்? அந்தப் பிள்ளைகள் தங்கள் குரலைத் தாங்களே கேட்க முடியாத இடத்தில் நின்று கத்திக் கத்திப் பழகுகிறார்கள்.

சரி, ஜிப்சம் சீலிங் போட்டால் தீருமா? தீராது. சாதாரண ஜிப்சம் பலகை வழவழப்பான இன்னொரு சுவர், அவ்வளவுதான். பேச்சின் ஒலியைப் பெரும்பாலும் அப்படியே திருப்பி அனுப்பிவிடும். துளை போட்ட ஜிப்சம் வேறு. மரச்சீவலையும் சிமென்ட்டையும் சேர்த்து அழுத்திய பலகை வேறு. பார்க்க சேமியாவை அழுத்தி வைத்த மாதிரி இருக்கும், சில அரங்குகளில் பார்த்திருப்பீர்கள். அதைப் பின்னால் ராக்வுல் வைத்துப் பொருத்தினால், விழும் ஒலியில் மூன்றில் இரண்டு பங்கை விழுங்கிவிடும். நமக்கு வேண்டியது 190 சதுர மீட்டர். கூரை முழுக்கத் தேவையில்லை. முதலில் பின்சுவர், ஒரு 60 சதுர மீட்டர். ஏனென்றால் மேடையில் இருந்து கிளம்பும் ஒலி பின்சுவரில் பட்டு மேடைக்குத் திரும்ப 0.14 வினாடி ஆகிறது. காதுக்கு அது தனியாக இன்னொருவர் பேசுவது போலக் கேட்கும். மீதி 130 சதுர மீட்டரைக் கூரையில், ஹாலின் பின்பாதியிலும் ஓரங்களிலும் போடலாம். மேடைக்கு நேர் முன்னால் இருக்கும் கூரையைக் கெட்டியாகவே விட்டுவிட வேண்டும். அதுதான் பேசுபவரின் குரலைப் பின்வரிசைக்குத் தள்ளிக் கொடுக்கும். இதைச் செய்தால், பிள்ளைகள் உட்கார்ந்த ஹாலில் ஒரு வினாடிக்கு வந்துவிடுகிறோம். காலி ஹாலிலும் இரண்டு வினாடிக்குக் கீழேதான்.

எழும்பூர் மியூசியம் தியேட்டருக்கு நாடகம் பார்க்கப் போனவர்கள் இங்கே இருப்பீர்கள். அது மைக் என்ற ஒன்றே வராத காலத்தில், 1896 வாக்கில் கட்டியது. மேடையில் நிற்பவர் குரல் எப்படிப் போய்ச் சேரும் என்று யோசித்துத்தான் அந்தக் காலத்தில் அரங்கம் கட்ட வேண்டியிருந்தது. இப்போது ஸ்பீக்கர் இருக்கிறது என்ற தைரியத்தில் யாரும் யோசிப்பதில்லை.

வாட்ஸாப்பில் ஒருவர் முட்டை அட்டையை ஒட்டலாம், செலவே இல்லை என்று எழுதியிருந்தார். இன்னொருவர் கடையில் விற்கும் ஃபோம் ஷீட்டை ஒட்டலாம் என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார்கள். முட்டை அட்டை பேச்சு ஒலிக்கு ஏறக்குறைய எதுவுமே செய்யாது. தீ மட்டும் நன்றாகப் பிடிக்கும். ஃபோம் அதைவிட மோசம். 2003 பிப்ரவரியில் அமெரிக்காவில் ரோட் ஐலண்டில் ஒரு இரவு விடுதியில் ஒலியைக் குறைப்பதற்காகச் சுவரில் ஒட்டியிருந்த பாலியூரிதேன் ஃபோமில் தீப்பிடித்து 100 பேர் இறந்தார்கள். சில நிமிடங்களில் எல்லாம் முடிந்துவிட்டது. தெர்மாகோல் அலங்காரத்துக்கும் இதே பேச்சுதான். எந்தப் பொருளாக இருந்தாலும் தீயில் எப்படி நடந்துகொள்ளும் என்ற சோதனைச் சான்றிதழைக் கேட்டு வாங்க வேண்டும்.

தீ என்று சொன்னதும் சிலர் முகம் மாறுகிறது. சொல்லித்தான் ஆக வேண்டும். கும்பகோணம் நமக்கெல்லாம் தெரியும், 2004 ஜூலை 16, 94 குழந்தைகள். அதற்கு ஒன்பது வருடம் முன்னால், 1995 டிசம்பர் 23 அன்று, ஹரியானாவில் டப்வாலி என்ற ஊரில் நடந்ததை இங்கே அதிகம் பேர் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். ஒரு கல்யாண மண்டபத்தில் பந்தல் போட்டுப் பள்ளி ஆண்டு விழா. மேடையில் குழந்தைகள், கீழே பெற்றோர். செயற்கைத் துணிப் பந்தலில் தீப்பிடித்தது. வெளியே போக வழி போதவில்லை. 400 பேருக்கு மேல் இறந்தார்கள், பெரும்பாலும் குழந்தைகள். ஒரு ஊரின் பள்ளி ஆண்டு விழா அது. நம் பின்பக்கத்தில் நடக்கும் விழா மாதிரியே.

இப்போது நம் ஹாலுக்கு வாருங்கள். மூன்று கதவு இருக்கிறது. மூன்றும் உள்பக்கம் திறக்கும். கூட்டம் நெருக்கினால் உள்பக்கம் திறக்கும் கதவைத் திறக்கவே முடியாது. இடதுபக்கக் கதவில் பூட்டு, அதன் முன்னால் உடைந்த பெஞ்சுகள். சாவி யாரிடம் என்று கேட்டேன், மூன்று பேர் மூன்று பெயர் சொன்னார்கள். கதவை வெளிப்பக்கம் திறக்கும்படி மாற்ற என்ன செலவாகிவிடும்? தள்ளினால் திறக்கும் கம்பி வைத்த தாழ்ப்பாள், கரண்ட் போனாலும் எரியும் வெளிவழி விளக்கு, நாற்காலி வரிசைகளுக்கு நடுவே நாலு அடிப் பாதை. ஆறு ஏசியில் ஒன்றைக் குறைத்தாலே இதற்குப் பணம் கிடைத்துவிடும் என்பது என் கணக்கு.

மேடை வயரிங் பற்றி ஒரு வார்த்தை. இப்போது ஒரே ப்ளக்கில் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் இன்னொரு எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், அதில் ஃபோகஸ் லைட். பழைய ஹாலஜன் விளக்கு ஒன்று 1,000 வாட் இழுக்கும். மேடை விளக்குக்கும் சவுண்டுக்கும் தனித்தனி சர்க்யூட், 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி, முறையான எர்த். விளக்கை எல்இடிக்கு மாற்றினால் 200 வாட்டுக்குள் வேலை முடிந்துவிடும், மேடையில் நிற்கும் பிள்ளைகளுக்கு வெயிலில் நிற்பது போலவும் இருக்காது.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்தத் தகரக் கூரையைத் தாங்கும் இரும்பு ட்ரஸ் பழையது. அதில் சீலிங், ஏசி, விளக்குக் கம்பி என்று என்னென்னவோ தொங்கவிடப் போகிறார்கள். தாங்குமா என்று ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஒருவர் ஏறிப் பார்த்து எழுதிக் கொடுக்க வேண்டும். தமிழ்நாடு பொதுக் கட்டட உரிமச் சட்டம் 1965இன் கீழ்ப் பள்ளிகள் எப்படியும் உறுதிச் சான்றிதழ் வாங்கியாக வேண்டும். புதுச் சுமையைச் சேர்த்துக் கணக்குப் போட்ட சான்றிதழாக அது இருக்கட்டும் என்கிறேன். கூரைக்கு அடியில் ராக்வுல் வந்தால் இன்னொரு லாபமும் உண்டு. ஏப்ரல் வெயிலும் இறங்காது, ஐப்பசி மழையில் தகரம் போடும் சத்தமும் குறையும். இப்போது மழை வந்தால் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

ஏசி வேண்டாமா என்று கேட்பீர்கள். மாதா மாதம் கரண்ட் பில்லை யார் கட்டப்போகிறார்கள்? பள்ளியால் முடியாது. அப்படியானால் ஏசி என்றைக்கு ஓடும்? யாராவது வாடகைக்கு எடுக்கும் அன்றைக்கு மட்டும் ஓடும். பிள்ளைகள் ஒத்திகை பார்க்கும்போது ரிமோட் அலுவலக பீரோவில் பூட்டியிருக்கும். பெரிய இறக்கைகள் மெதுவாகச் சுற்றும் விசிறிகள் வந்திருக்கின்றன. இரைச்சல் குறைவு, கரண்டும் குறைவு. கூரைக்கு வெள்ளைப் பூச்சும் அதுவும் போதும் என்பது என் கருத்து. ஏசி கட்டாயம் வேண்டும் என்பவர்கள், பில்லுக்கும் ஒரு வழி சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

அடுத்தது மேடை. கிரானைட் போட்டால் பளபளவென்றுதான் இருக்கும். அதில் ஒரு குழந்தை தட்டடவு, நாட்டடவு என்று தினம் ஒரு மணி நேரம் காலைத் தட்டினால் அத்தனை அதிர்ச்சியும் கணுக்காலுக்கும் முழங்காலுக்கும்தான் போகும். கல் எதையும் வாங்கிக்கொள்ளாது. நடனத்துக்கு மரத்தளம் வேண்டும், அடியில் காற்று இடைவெளியோடு. ரப்பர் துண்டின் மேல் ரீப்பர், குறுக்கே இன்னொரு வரிசை ரீப்பர், அதன் மேல் இரண்டு அடுக்கு பிளைவுட். கரையான் மருந்து அடித்து, அடியில் காற்றுப் போக வழிவிட்டுச் செய்ய வேண்டும். வழுக்கும் பாலிஷ் மட்டும் கூடாது. இது கிரானைட்டைவிட ஒன்றும் கௌரவக் குறைவான வேலை இல்லை.

சாய்ந்து உட்காரும் நாற்காலிகளைத் தரையில் போல்ட் போட்டு இறுக்கிவிட்டால், ஹால் சினிமா தியேட்டர் ஆகிவிடும். அங்கே தேர்வு நடக்க வேண்டும், சிலம்பம் பழக வேண்டும், நம் கண் முகாம் நடக்க வேண்டும், வெள்ளம் வந்தால் பாய் விரிக்க வேண்டும். தெருக்கூத்தும் பறையும் மேடை ஏறி ஆடுபவை இல்லை, தரையில், சனங்களுக்கு நடுவே ஆடுபவை. மேடைக்கு முன்னால் ஒரு நாலு மீட்டராவது வெறுந்தரையாக இருக்கட்டும். ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கி வைக்கும் நாற்காலி போதும். குஷன் நாற்காலி ஒலிக்கு நல்லதுதான், சாபின் கதையில் பார்த்தோமே, காலி இருக்கையே ஆள் உட்கார்ந்த மாதிரி ஒலியை உறிஞ்சும். ஆனால் பள்ளிக்கூடத்துக் குஷனுக்கு எலி, காம்பஸ் முனை என்று எதிரிகள் அதிகம்.

இப்போது சொல்லப்போவதைப் பெண்கள் கவனமாகக் கேளுங்கள், ஆண்கள் இன்னும் கவனமாகக் கேளுங்கள். அந்த எஸ்டிமேட்டில் கிரீன் ரூம் இல்லை. போன ஆண்டு விழாவில் எட்டாம் வகுப்புப் பெண்பிள்ளைகள் நடன உடை மாற்றியது எங்கே தெரியுமா? பக்கத்து வகுப்பறையில், ஜன்னலுக்குக் கதவு இல்லாததால் இரண்டு டீச்சர்கள் புடவையைப் பிடித்துக்கொண்டு நிற்க, அதற்குப் பின்னால். டாய்லெட்டுக்கு மைதானத்தைத் தாண்டிப் போக வேண்டும், முழு அலங்காரத்தோடு, இருட்டில். ஒரு தாழ்ப்பாள் உள்ள அறை, ஒரு கண்ணாடி, நல்ல வெளிச்சம், ஒட்டியே ஒரு டாய்லெட். பெண்களுக்கு ஒன்று, ஆண்களுக்கு ஒன்று. எல்இடி வாலுக்குக் கேட்கும் பணத்தில் இதைக் கட்டலாம். எல்இடி வால் மேல் எனக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இல்லை. ஆனால் பின்னால் முப்பது அடிக்கு ஒரு அருவி கொட்டிக்கொண்டிருந்தால், முன்னால் ஆடும் நாலு அடிக் குழந்தையை யார் பார்ப்பார்கள்?

அதே விழாவில் சக்கர நாற்காலியில் வந்த ஒரு மாணவிக்குப் பரிசு. எல்லாரையும் மேடைக்கு அழைத்தார்கள். அவளுக்கு மட்டும் சிறப்பு விருந்தினர் கீழே இறங்கி வந்து கொடுத்தார். எல்லோரும் பலமாகக் கை தட்டினோம். அவள் சிரித்துக்கொண்டுதான் வாங்கினாள். மேடை மூன்று அடி உயரம். சாய்தளம் ஒரு அடி ஏற 12 அடி ஓட வேண்டும் என்பது விதி. ஆக 36 அடி. மேடையின் பக்கவாட்டில் நேராக வைக்க இடம் இல்லை, ஆனால் நடுவில் ஒரு திருப்பம் வைத்து மடக்கினால் வருகிறது. வரைந்தே கொடுத்துவிட்டேன். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இலேயே வந்துவிட்டது, இனிமேல் இதை யாரும் நன்கொடை என்று நினைத்துச் செய்ய வேண்டியதில்லை.

பி பிளாக்காரர்கள் பொறுமை இழப்பது தெரிகிறது. அவர்கள் பிரச்சினைக்கு வருகிறேன். பி பிளாக் பின்வரிசை வீடுகளுக்கும் ஹாலுக்கும் நடுவே ஒரு மதிலும் நாலு அசோக மரங்களும்தான். சாபின் தன் கணக்கில் திறந்த ஜன்னலைத்தான் அளவுகோலாக வைத்தார். திறந்த ஜன்னல் ஒலியை முழுதாக விழுங்கிவிடும் என்று கணக்கு. ஹாலுக்கு அது விழுங்குவது. பி பிளாக் மூன்றாவது மாடிக்கு அது வந்து சேருவது. ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் ஒலியை நன்றாகவே தடுக்கும். நம் பக்கத்து ஜன்னல்களும் தகரக் கூரையும்தான் ஓட்டை. ராக்வுல், சீலிங் வந்தால் கூரை வழியாக வருவது குறையும். நம் பக்க ஜன்னல்களை நிகழ்ச்சி நேரத்தில் இறுக மூடும்படி கனமான கண்ணாடி போட்டு மாற்றிவிட்டு, மைதானப் பக்க ஜன்னல்களைக் காற்றுக்குத் திறந்து வைக்கலாம். ஸ்பீக்கரும் இரண்டு பெரிய பெட்டியை முழுச் சத்தத்தில் வைப்பதற்குப் பதில், சுவரோரம் நாலைந்து சின்ன ஸ்பீக்கர்களைக் குறைந்த சத்தத்தில் வைத்தால் போதும். எதிரொலி அடங்கிய ஹாலில் சத்தமே குறைவாகத்தான் தேவைப்படும். ஆக ஹாலின் ஒலியைச் சரி செய்வது பிள்ளைகளுக்கு மட்டும் செய்யும் உதவி இல்லை, நம் தூக்கத்துக்கும் அதுதான் மருந்து.

சட்டம் என்ன சொல்கிறது? ஒலி மாசு விதிகள் 2000இன்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55 டெசிபல், இரவில் 45. இரவு என்பது 10 மணியில் இருந்து காலை 6 வரை. மூடிய அரங்குக்குள் ஒலிபெருக்கிக்கு இரவிலும் விலக்கு உண்டு, ஆனால் அந்தச் சத்தம் நம் படுக்கையறைக்குள் வரலாம் என்று அர்த்தம் இல்லை.

இங்கேதான் சிக்கல். புதுப்பித்த பிறகு சனி ஞாயிறுகளில் ஹாலை வாடகைக்கு விடலாம் என்று பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு யோசனை இருக்கிறது. அதை நான் தப்புச் சொல்லவில்லை. பராமரிப்புக்குப் பணம் வேண்டும், ஐந்து வருடம் கழித்து மறுபடி நம்மிடம் வந்து நிற்கக் கூடாது. ஆனால் எனக்கு ஒரு பயம். அந்த எஸ்டிமேட்டை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். ஆர்ச், ஏசி, கிரானைட், எல்இடி வால். அது பள்ளி அரங்கத்துக்கான பட்டியல் இல்லை, கல்யாண மண்டபத்துக்கான பட்டியல். நம் பணத்தில் ஒரு மண்டபம் கட்டிக் கொடுத்துவிட்டு, பிள்ளைகள் வருடத்துக்கு ஒரு நாள் அதற்குள் போய் வேடிக்கை பார்க்கிற நிலைமை வரக் கூடாது. பி பிளாக்கில் இருப்பவர்களுக்கு முகூர்த்த நாள் தோறும் டிஜே கேட்கவும் கூடாது.

அதனால் பணம் கொடுக்கும்போதே எழுத்தில் சில விஷயங்கள் வேண்டும். பள்ளி நாட்களில் மாலை நேரம் ஹால் பிள்ளைகளின் ஒத்திகைக்கு, எந்த வாடகைக்கும் அதை விட்டுக்கொடுக்கக் கூடாது. வாடகை நிகழ்ச்சிகள் இரவு 10 மணிக்கு முடிய வேண்டும். மைதானத்தில் ஸ்பீக்கர் கூடாது. பொதுத்தேர்வு மாதத்தில் வாடகையே கூடாது. ஜெனரேட்டர் சத்தம் அடங்கிய கூண்டுக்குள், நம் மதிலில் இருந்து தள்ளி. வாடகைப் பணம் தனிக் கணக்கில். வருடம் ஒரு முறை அந்தக் கணக்கை நம் சங்கத்தில் ஒருவர் பார்க்கலாம். தலைமை ஆசிரியரிடம் இதையெல்லாம் சொன்னேன். அம்மா கோபப்படவில்லை. 'சார், இதை நீங்கள் கேட்டால்தான் நான் கமிட்டியில் பேச முடியும்' என்றார். அவருக்கும் இதுதான் வேண்டும் போலிருக்கிறது.

பணம் எப்படி? கார்பஸ் ஃபண்டில் கைவைக்கக் கூடாது. அது நம் லிஃப்டுக்கும் பெயின்டிங்குக்கும் வைத்த பணம். விருப்பம் உள்ளவர்கள் தனித்தனியாக, முடிந்த அளவு கொடுக்கலாம். 5,000 என்பது கட்டணம் இல்லை. ஓய்வூதியத்தில் இருப்பவர்கள் 500 கொடுத்தாலும் சரி, கொடுக்காவிட்டாலும் சரி, யாருடைய பெயரும் வாட்ஸாப்பில் வரக் கூடாது. பள்ளியின் வங்கிக் கணக்கில், காசோலையாகவோ ஆன்லைனிலோ மட்டும் கொடுத்து ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். வரிச்சலுகை எதிர்பார்ப்பவர்கள், பள்ளி அறக்கட்டளைக்கு அதற்கான பதிவு இருக்கிறதா என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் அந்தச் சலுகை கிடையாது, புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு எப்படிக் கொடுத்தாலும் கிடையாது. மொத்தத்தையும் ஒரேயடியாகத் தர வேண்டாம், மூன்று தவணை. ட்ரஸ் சான்றிதழும் கதவுகளும் வயரிங்கும் முடிந்ததும் முதல் தவணை. கூரை, பின்சுவர்ப் பலகைகள் முடிந்ததும் இரண்டாவது. மேடைத்தளம், சாய்தளம், கிரீன் ரூம் முடிந்ததும் மூன்றாவது. ஆர்ச்சுக்கும் பெயர்ப்பலகைக்கும் நம் பணத்தில் இருந்து ஒரு ரூபாயும் வேண்டாம். பலகை கட்டாயம் வேண்டும் என்றால், முதல் வருடம் அந்த மேடையில் ஏறிய பிள்ளைகளின் பெயரைப் போடட்டும்.

பள்ளி நிர்வாகக் கமிட்டி அடுத்த மாதம் இரண்டாவது சனிக்கிழமை கூடுகிறது. அதற்குள் நம் பக்கத்துக் கடிதம் போக வேண்டும். வரைவு எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறேன், பக்கத்திலேயே ஒரு பேனாவும் கட்டித் தொங்குகிறது. அடித்துத் திருத்துங்கள், சேருங்கள். ஹாலை நேரில் பார்க்க விரும்புகிறவர்கள் வரும் ஞாயிறு காலை பத்து மணிக்கு என்னோடு வாருங்கள், தலைமை ஆசிரியர் திறந்து வைப்பதாகச் சொல்லியிருக்கிறார். பலூன் நான் கொண்டு வருகிறேன்.

செயலாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கேள்விகள் இருந்தால் கேட்கலாம். பி பிளாக் முதலில்.